அர்த்தத்துக்கு மெக்கானிசம் உண்டா? உண்டு, ஆனா தேடுற இடம் வேற

ஒரு சொல்லுக்கு அர்த்தம்னு ஒன்னு இருக்கு, ஒரு பழக்கமோ கதையோ தலைமுறை தாண்டிப் போகுது, இதெல்லாம் கடைசியில நியூரானும் மின்சாரமும் காத்துல போற சத்த அலையும்தானா, காரண காரியமா பிரிச்சு வச்சு விளக்கிட முடியுமா, இல்ல அதுக்குள்ள சிக்காம ஏதாவது மிச்சம் நிக்குமா, இதுதான் கேள்வி. முடியும்ங்கிறது என் பதில். ஆனா முடியும்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் அந்த மெக்கானிசத்தை ரெண்டு தப்பான இடத்துல தேடுறாங்க, ஒன்னு தனியா ஒரே ஒரு ஆளோட மண்டைக்குள்ள, இன்னொன்னு அப்படியே நகல் எடுக்குறதுல. முடியாதுன்னு சொல்றவங்களும் இந்த ரெண்டையும் உடைச்சுக் காட்டிட்டு, பாருங்க மெக்கானிசமே கிடையாதுன்னு முடிச்சுடுறாங்க. அந்த ரெண்டும் உடையும், நானும் ஒத்துக்கிறேன். உடைஞ்சதுக்கு அப்புறமும் சொல்ல நிறைய இருக்கு, அதைத்தான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல மெக்கானிசம்னா என்னன்னு பேசிடுவோம். பல்சக்கரம், ஸ்பிரிங், ஒன்னு இன்னொன்னை இடிச்சுத் தள்றதுன்னு 17ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்னு எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு உயிரியல்லயும் நரம்பியல்லயும் யாரும் அந்த அர்த்தத்துல பேசுறதில்ல. பீட்டர் மேக்கமர், லிண்ட்லி டார்டன், கார்ல் கிரேவர் மூணு பேரும் 2000ல எழுதின கட்டுரை ஒன்னு இந்தப் பேச்சையே மாத்துச்சு. சில பாகங்கள் இருக்கும், அதுங்க சில வேலை செய்யும், ஒரு ஒழுங்குல சேர்ந்து ஒரு விளைவைத் திரும்பத் திரும்பக் கொண்டு வரும், ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் அந்தச் சங்கிலியைக் காட்டணும், அவ்வளவுதான். பாகம் சின்னதா இருக்கணும்னு இதுல எங்கயும் இல்ல. முழு மனுஷனே ஒரு பாகமா இருக்கலாம், ஒரு கூட்டமே மெக்கானிசமா இருக்கலாம், அது பல நூறு வருஷம் ஓடுறதாவும் இருக்கலாம். இதை ஒத்துக்கிட்டாலே பாதி சண்டை தணிஞ்சுடும், ஏன்னா மெக்கானிசம்னு சொன்னாலே எல்லாத்தையும் இயற்பியலா சுருக்கப் போறாங்கன்னு நினைச்சுத்தான் பலர் எதிர்க்கிறாங்க.

உண்மையான சிக்கல் வேற. 1874லயே ஃபிரான்ஸ் பிரென்டானோங்கிற தத்துவவாதி அதைச் சுட்டிக்காட்டிட்டார். எண்ணம்னா அது எதையோ பத்தின எண்ணம். கல்லு எதைப் பத்தியும் கிடையாது, ஓடுற தண்ணி எதைப் பத்தியும் கிடையாது, அப்ப சதையால ஆன மூளை மட்டும் தனக்கு வெளிய இருக்குற ஒன்னைப் பத்தி எப்படி இருக்க முடியும்? இதுக்கு இன்ஃபர்மேஷன் தியரி, அதாவது தகவலை அளக்குற கணிதம், பதில் சொல்லிடும்னு நினைக்கிறவங்க கிளாட் ஷானனோட 1948 கட்டுரையோட ஆரம்பத்தைப் பார்க்கணும். செய்தியோட அர்த்தத்துக்கும் இந்தப் பொறியியல் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லன்னு அவரே ஒதுக்கி வச்சுட்டுத்தான் வேலையைத் தொடங்குறார். எத்தனை பிட் போகுதுன்னு அந்தக் கணக்கு சொல்லும், என்ன சொன்னாங்கன்னு சொல்லாது.

புகை இருந்தா நெருப்பு இருக்கு. மரத்துக்குள்ள இருக்குற வளையம் வயசைச் சொல்லுது. இதெல்லாம் தகவல்தான், ஆனா இதுங்களுக்குத் தப்பு பண்ணத் தெரியாது. நெருப்பே இல்லாம புகை மாதிரி ஏதோ கிளம்பினா புகை பொய் சொல்லிடுச்சுன்னு சொல்ல மாட்டோம், நாம ஏமாந்துட்டோம்னுதான் சொல்லுவோம். அதுவே இருட்டுல கயித்தைப் பார்த்து ஒருத்தர் பாம்புன்னு கத்தினா, அந்தச் சொல்லைக் கிளப்பிவிட்டது கயிறு, ஆனா சொல்லோட அர்த்தம் பாம்புதான், அதனாலதான் அவர் சொன்னது தப்பு. எது கிளப்பிவிடுதோ அதுதான் அர்த்தம்னு எளிமையா ஒரு கதை சொன்னோம்னா தப்புங்கிறதே இல்லாம போயிடும், இருட்டுல கிடக்குற கயிறும் பாம்புங்கிற சொல்லோட அர்த்தத்துக்குள்ள வந்து உக்காந்துடும். ஆக விளக்க வேண்டியது இதுதான், வெறும் காரண காரியத்துல இருந்து தப்புங்கிறது எப்படி முளைக்குது?

கென்யாவுல அம்போசேலியில இருக்குற வெர்வெட் குரங்குகளை வச்சு ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் 1980ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்தக் குரங்குங்க சிறுத்தைக்கு ஒரு மாதிரி, கழுகுக்கு ஒரு மாதிரி, பாம்புக்கு ஒரு மாதிரி கத்தும். அதை ரெக்கார்ட் பண்ணி, பக்கத்துல எந்த ஆபத்தும் இல்லாத நேரத்துல ஸ்பீக்கர்ல போட்டுப் பார்த்தாங்க. சிறுத்தைக் கத்தலுக்கு மரத்துல ஏறுச்சுங்க, கழுகுக் கத்தலுக்கு வானத்தைப் பார்த்துச்சுங்க இல்ல புதருக்குள்ள ஓடுச்சுங்க, பாம்புக் கத்தலுக்கு சுத்தி தரையைப் பார்த்துச்சுங்க. எனக்கு இதுல குட்டிங்கதான் முக்கியம். குட்டி கழுகுக் கத்தலை ஒன்னும் செய்யாத பறவைக்கும் போடும், சில சமயம் மேல இருந்து விழுற இலைக்கும் போடும், வளர வளர அது சுருங்கி நிஜமாவே தூக்கிட்டுப் போற கழுகுகிட்ட வந்து நிக்கும்.

இலையைப் பார்த்துக் கத்தின குட்டி தப்பு பண்ணுச்சுன்னு நாம சொல்றோமே, எதை வச்சு? தத்துவவாதி ரூத் மில்லிக்கன் 1984ல கொடுத்த பதில்தான் நான் பிடிச்சுக்கிட்டு நிக்குற பதில். இதயத்தோட வேலை ரத்தத்தைத் தள்றது. தள்ள முடியாம கெட்டுப்போன இதயத்துக்கும் வேலை அதுதான், அதனாலதான் அதைக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியுது. அந்த வேலை எங்க இருந்து வந்துச்சுன்னா, முன்னாடி இருந்த இதயங்கள் ரத்தத்தைத் தள்ளினதாலதான் இந்த இதயம் இன்னைக்கு இருக்கு. கத்தலும் அப்படித்தான். முன்னாடி கழுகு வந்தப்ப இந்தக் கத்தலைக் கேட்டு ஒளிஞ்ச குரங்குங்க பிழைச்சுச்சுங்க, அதனால கத்துறதும் கேட்டு ஒளியுறதும் ஜோடியா நிலைச்சுப் போச்சு. இலை விழுந்தப்ப கத்தினது எதையும் நிலைக்க வைக்கல. பத்துல எட்டு கத்தல் வீணாப் போனாலும் பரவாயில்ல, அந்தக் கத்தல் இன்னும் உலகத்துல இருக்குறதுக்கு மிச்ச ரெண்டுதான் காரணம்னா அர்த்தத்தை முடிவு பண்றதும் அந்த ரெண்டுதான். இதுல மனசுன்னு தனியா ஒரு பொருளைக் கொண்டு வரவே இல்ல, இனப்பெருக்கம், தேர்வு, திரும்பத் திரும்ப நடக்குறது, இவ்வளவுதான் சரக்கு, ஆனா சரி தப்புங்கிற வித்தியாசம் வந்துடுச்சு. இந்தத் துறையில நடந்த நகர்வுகள்லயே பெரிசு இதுதான்னு நான் உறுதியா நம்புறேன். அர்த்தத்தை இந்த நொடியில மூளைக்குள்ள எட்டிப் பார்த்துத் தேடாதீங்க, அந்த மூளையும் அந்தக் கத்தலும் எந்த வரலாற்றால இங்க வந்துச்சுன்னு பாருங்கன்னு சொல்லுது.

உடனே வர்ற எதிர்ப்பு தவளை. ஜெரோம் லெட்வின் குழு 1959ல தவளைக் கண்ணு மூளைக்கு என்ன சொல்லுதுன்னு ஆராய்ஞ்சு, சின்னதா கறுப்பா நகர்ற பொருளுக்குக் குறிப்பா துடிக்கிற நரம்பு இழைங்களைக் காட்டினாங்க. சுத்தி செத்த ஈ குவிஞ்சு கிடந்தாலும் நகரலன்னா தவளை பட்டினி கிடக்கும். அப்ப அந்த நரம்போட துடிப்புக்கு அர்த்தம் ஈயா, சாப்பாடா, இல்ல சின்னதா நகர்ற கறுப்புப் பொருளா? வரலாறு மூணுக்கும் ஒரே மாதிரிதான் பொருந்துது, அதனால இந்தக் கொள்கை தோத்துடுச்சுன்னு சொல்றாங்க. எனக்கு இது தோல்வியா தெரியல. தவளைக்குள்ள அந்த மூணையும் பிரிக்கிற வேலை எங்கயும் நடக்கல, அதனால அதுக்கு இருக்குற அர்த்தமும் அந்த அளவுக்குத்தான் தெளிவு. நம்ம சொல்லோட கூர்மையை அது தலையில கட்டி, பதில் சொல்லுன்னு கேக்குறது நம்ம தப்பு. அர்த்தம்ங்கிறது இருக்கு இல்லைன்னு ஸ்விட்ச் மாதிரி கிடையாது, பிரிச்சுப் பார்க்குற வேலை கூடக் கூட அர்த்தமும் கூர்மையாகும்.

இன்னொரு பழைய முடிச்சு. சொல்லுக்கு அர்த்தம் ஒப்பந்தத்தால வருதுன்னா, அந்த ஒப்பந்தம் போட முதல்ல ஒரு பேச்சு வேணுமே? தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1969ல இதை ஒரு விளையாட்டா மாத்தினார், பின்னாடி பிரையன் ஸ்கிர்ம்ஸ்ங்கிற இன்னொரு தத்துவவாதி அதுல இருந்து புத்தியையே எடுத்துட்டார். எப்படின்னு கிட்ட வந்து பாருங்க. ரெண்டு பேர். ஒருத்தருக்கு உலகம் தெரியும், அது ரெண்டு நிலையில ஏதோ ஒன்னுல இருக்கும், ரெண்டுக்கும் சம வாய்ப்பு. இன்னொருத்தருக்கு உலகம் தெரியாது, ஆனா செயல் அவர் கையில. பார்க்குறவர்கிட்ட நிலைக்கு ஒன்னா ரெண்டு ஜாடி, ஒவ்வொன்னுலயும் ஒரு சிவப்புக் குண்டு ஒரு நீலக் குண்டு. எந்த நிலையோ அந்த ஜாடியில கண்ணை மூடிட்டு ஒரு குண்டை எடுத்து அந்த நிறத்தைக் காட்டுவார். செய்யுறவர்கிட்ட நிறத்துக்கு ஒன்னா ரெண்டு ஜாடி, அதுல ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குண்டு, அவரும் கண்ணை மூடிட்டு எடுத்து அந்தச் செயலைப் பண்ணுவார். செயல் நிலைக்குப் பொருந்திடுச்சுன்னா ரெண்டு பேரும் எடுத்த குண்டைத் திரும்பப் போட்டு, அதே மாதிரி இன்னொரு குண்டும் கூடப் போடுவாங்க. பொருந்தலன்னா எடுத்ததை மட்டும் திரும்பப் போடுவாங்க. வேற எதுவும் கிடையாது, யாரும் யாரையும் புரிஞ்சுக்கல, எதையும் திட்டம் போடல. இப்படியே ஓட விட்டா இந்த ரெண்டு நிலை விளையாட்டு கடைசியில சரியான சிக்னல் முறையில போய்தான் நிக்கும், அதோட நிகழ்தகவு 1ன்னு 2009ல கணிதமா நிரூபிச்சுட்டாங்க. சிவப்பு இந்த நிலையைக் குறிக்கும்னு யாரும் முடிவு பண்ணல, ஆனா இப்ப அது அந்த நிலையைத்தான் குறிக்குது. மூணு நிலை மூணு நிறம்னு போனா சில சமயம் பாதியில மாட்டிக்கும், ரெண்டு நிலைக்கு ஒரே நிறம்னு நின்னுடும், அதையும் சொல்லணும். எந்த நிபந்தனையில அர்த்தம் பிறக்கும் எதுல பிறக்காதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுதுன்னா அதுதான் மெக்கானிசத்தோட லட்சணம்.

சரி, குரங்குக்கும் குண்டுக்கும் இது போதும், மனுஷங்க பேசுறது இவ்வளவு மட்டமா இல்லையே? உண்மைதான். பால் கிரைஸ் 1957ல சொன்ன மாதிரி நாம பேசுறப்ப எதிர்ல இருக்குறவர் என்ன நினைச்சுச் சொல்றார்னு கண்டுபிடிக்கிறதுலயே பாதி அர்த்தம் இருக்கு. ஆனா நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறதும் ஒரு வேலைதான், அதையும் பிரிச்சுப் பார்க்கலாம். ஜெர்கெலி, பெக்கரிங், கிராய் மூணு பேரும் 2002ல 14 மாசக் குழந்தைங்களை வச்சுப் பண்ணின எக்ஸ்பெரிமெண்ட் இருக்கே. ஒரு பெரியவர் மேஜை மேல இருக்குற விளக்குப் பெட்டியைக் குனிஞ்சு நெத்தியால அழுத்தி எரிய வைக்கிறார். ஒரு குழுவுக்குக் காட்டினப்ப அவர் கை ரெண்டும் சும்மா மேஜை மேல இருந்துச்சு, இன்னொரு குழுவுக்குக் காட்டினப்ப குளிருதுன்னு போர்வையை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சிருந்தார். கை சும்மா இருந்ததைப் பார்த்த குழந்தைங்கள்ல 69 சதவீதம் தாங்களும் தலையால அழுத்துச்சுங்க, போர்வையைப் பார்த்ததுங்கள்ல 21 சதவீதம்தான். கை சும்மா இருக்கு, இருந்தும் தலையால செய்யுறார்னா அதுல ஏதோ விஷயம் இருக்குன்னு குழந்தை எடுத்துக்குதுங்கிறது அவங்க விளக்கம். பின்னாடி வேற ஆய்வாளர்கள், அதெல்லாம் இல்ல, போர்வை கவனத்தைக் கலைச்சுடுச்சு, தலையால செய்யுறதுக்கு மேஜையில கை ஊன்ற வசதி வேணும்னு மறுத்தாங்க. சண்டை இன்னும் ஓயல. ஆனா என்ன மாதிரி சண்டைன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் மெக்கானிசம்தான் வச்சிருக்கு, போர்வையை மாத்திப் பார்த்து, கையை மாத்தி வச்சுப் பார்த்து தீர்த்துக்கப் பார்க்குறாங்க, புரிதல்ங்கிறது விளக்கவே முடியாத புனிதம்னு யாரும் அங்க கையைக் கட்டிட்டு நிக்கல.

இப்ப கலாச்சாரம் கைமாறுறதுக்கு வர்றேன், இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976ல மீம்னு ஒரு பேர் வச்சார், ஜீன் மாதிரியே எண்ணமும் மூளையில இருந்து மூளைக்குக் காப்பி ஆகி பரவுதுன்னு. பேர் உலகம் பூரா பரவுச்சு, அந்தப் பேருல ஆராய்ச்சி மட்டும் பெரிசா வளரல. காரணம் எளிசு. டிஎன்ஏ நகல் எடுக்குறப்ப திருத்தமெல்லாம் முடிஞ்சு பார்த்தா கிட்டத்தட்ட நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான் நிக்கும். கதை அப்படியா போகுது? ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932 புத்தகத்துலயே காட்டிட்டார், வட அமெரிக்கப் பூர்வகுடிங்களோட கதை ஒன்னை கேம்பிரிட்ஜ் ஆளுங்ககிட்ட கொடுத்து, படிச்சதை நினைவுல இருந்து எழுத வச்சு, அதை அடுத்தவர்கிட்ட கொடுத்து எழுத வச்சுன்னு போனா, கனோங்கிற அந்தத் தோணி சாதாரணப் படகாகுது, சீல் வேட்டை மீன்பிடியாகுது, புரியாத பேய் விஷயமெல்லாம் உதிர்ந்து போகுது. மூளை ஜெராக்ஸ் மெஷின் கிடையாது. கேட்டதை உடைச்சு, தன்கிட்ட இருக்குறதை வச்சுத் திரும்பக் கட்டுது. மானுடவியலாளர் டான் ஸ்பெர்பர் 1996ல இதையே மையமா வச்சார். மாறுறதுதான் இயல்பு, மாறாம நிக்குறதுக்குத்தான் விளக்கம் வேணும், எல்லாரும் தப்பாக் கட்டினாலும் ஒரே பக்கம் சாய்ஞ்சு தப்பாக் கட்டினா அந்தப் பக்கம் ஒரு உருவம் நிலைச்சு நிக்கும்னார்.

இதைக் கண்ணால பார்க்கணும்னா ஜீப்ரா ஃபின்ச்ங்கிற குட்டிப் பறவை. ஆண் குஞ்சு பெரிய ஆண் பறவையைக் கேட்டுத்தான் பாட்டு கத்துக்கும். கேக்க விடாம தனியா வளர்த்தா பாடும், ஆனா கோணல் மாணலா, இழுவையா, சத்தமெல்லாம் சிதறிப் போய்ப் பாடும். ஓல்கா ஃபெஹர், ஒஃபெர் செர்னிகோவ்ஸ்கி குழு 2009ல என்ன பண்ணினாங்கன்னா, இந்தக் கோணல் பாட்டுக்காரனையே வாத்தியாரா ஒரு குஞ்சுகிட்ட விட்டாங்க, அது வளர்ந்ததும் அதை அடுத்த குஞ்சுக்கு வாத்தியார் ஆக்கினாங்க, இப்படியே சங்கிலி. ஒவ்வொரு குஞ்சும் வாத்தியாரைத்தான் பின்பத்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒரே பக்கமா மாத்திடுச்சு. மூணு நாலு தலைமுறையில பாட்டு காட்டுப் பறவைங்க பாடுற மாதிரி வந்துடுச்சு, அந்தக் காட்டுப் பாட்டை அந்தச் சங்கிலியில யாருமே கேட்டதில்ல! அப்ப அந்தப் பாட்டு எங்க இருந்துச்சு? தனி ஒரு பறவை தலைக்குள்ள இருந்திருந்தா முதல் பறவையே பாடியிருக்கும். வாத்தியார்கிட்ட நிச்சயமா இல்ல. கத்துக்கிற விதத்துல இருக்குற ஒரு சின்னச் சாய்வு, அது பல தடவை திரும்ப நடக்குறது, இது ரெண்டும் சேர்ந்த இடத்துலதான் அந்தப் பாட்டு இருக்கு. ஜீனா கலாச்சாரமான்னு ஒத்தையா இரட்டையா போடுறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற உதாரணம் இதுதான், ஏன்னா அந்தக் கேள்வியே இங்க கலைஞ்சு போயிடுது.

மனுஷங்ககிட்டயும் இதைப் பண்ணிட்டாங்க. சைமன் கெர்பி, ஹானா கார்னிஷ், கென்னி ஸ்மித் 2008ல 27 படம் எடுத்துக்கிட்டாங்க, மூணு உருவம், மூணு நிறம், மூணு விதமான அசைவு. ஒவ்வொன்னுக்கும் அர்த்தமில்லாம குத்துமதிப்பா ஒரு பேர். முதல் ஆளுக்குக் கிட்டத்தட்ட பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டு 27க்கும் பேர் கேட்டாங்க, அவர் சொன்ன பேர்தான் அடுத்த ஆளுக்குப் பாடம், இப்படி பத்து தலைமுறை. முதல் எக்ஸ்பெரிமெண்ட்ல மொழி சுருங்கிப் போச்சு, ஒரே அசைவுல இருக்குற பல படத்துக்கு ஒரே பேர்ங்கிற அளவுக்குக் குறைஞ்சு, கத்துக்க ரொம்ப சுலபமாச்சு, ஆனா எதையும் பிரிச்சுச் சொல்ல உதவாது. ரெண்டாவதுல ஒரே ஒரு மாத்தம், ரெண்டு படத்துக்கு ஒரே பேர் வந்தா ஒன்னை மட்டும் வச்சுட்டு மத்ததை அடுத்த ஆளுக்கான பாடத்துல இருந்து எடுத்துட்டாங்க. அவ்வளவுதான், பேருக்குள்ள இலக்கணம் முளைச்சுடுச்சு, முன்பகுதி நிறத்தைச் சொல்லும், நடுப்பகுதி உருவத்தைச் சொல்லும், பின்பகுதி அசைவைச் சொல்லும். கலந்துக்கிட்டவங்க யாரும் மொழியை உருவாக்குறோம்னு நினைக்கல, சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறதாத்தான் நினைச்சாங்க. நிகராகுவாவுல இது நிஜ உலகத்துலயே நடந்துச்சு. 1970களோட கடைசியில மனாகுவாவுல காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தப்ப வாத்தியார்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் கத்துக்க வைக்கப் பார்த்தாங்க, பிள்ளைங்க தங்களுக்குள்ள சைகை மொழி ஒன்னை உருவாக்கிக்கிட்டாங்க. உருண்டுக்கிட்டே இறங்குறதை முதல்ல வந்தவங்க ஒரே அசைவா காட்டினாங்க, பின்னாடி வந்த சின்னப் பிள்ளைங்க உருள்றதைத் தனியா இறங்குறதைத் தனியா பிரிச்சு வரிசையா காட்டினாங்கன்னு ஆன் செங்காஸ் குழு 2004ல பதிவு பண்ணியிருக்கு.

இனி கஷ்டமான எதிர்ப்பு. தத்துவவாதி சால் கிரிப்கி, இன்னொரு தத்துவவாதியான விட்கென்ஸ்டைனைப் படிச்சு 1982ல எழுப்பினது. இதுவரைக்கும் நீங்க 57க்குக் கீழ இருக்குற எண்களை மட்டும்தான் கூட்டியிருக்கீங்கன்னு வைங்க. இப்ப 68ம் 57ம் கூட்டினா 125ங்கிறீங்க. ஒருத்தர் வந்து, நீங்க இவ்வளவு நாளா கூட்டல்னு சொன்னது வேற ஒரு கணக்கு, அதுல 57க்குக் கீழ இருக்குற வரைக்கும் கூட்டல் மாதிரியே வரும், அதுக்கு மேல போனா விடை எப்பவும் 5, அதனால நீங்க சொல்ல வேண்டியது 5ன்னு வாதம் பண்றார். உங்க மூளையில, உங்க பழைய கணக்குல, எதைக் காட்டி அவரை மறுப்பீங்க? என் மூளை 125ன்னு சொல்ற மாதிரிதான் அமைஞ்சிருக்குன்னா, நான் என்ன சொல்லுவேன்னுதான் அது காட்டுது, என்ன சொல்லணும்னு காட்டல. மெக்கானிசம் 'நடக்கும்'னு சொல்லும், 'நடக்கணும்'னு சொல்லாதுங்கிறது இதோட சாரம். இது ஆழமான அடி, லேசா தட்டிவிட்டுப் போறவங்க இதைப் படிக்கலன்னுதான் அர்த்தம்.

தனி ஆளை மட்டும் வச்சுப் பார்த்தா இதுக்குப் பதில் கிடையாதுன்னே நானும் நினைக்கிறேன். பதில் வேணும்னா ஆளைச் சுத்தி இருக்குற திருத்துற பழக்கத்தையும் உலகத்தையும் உள்ள இழுக்கணும். கூட்டம் திருத்துறது மட்டும் போதாது, ஏன்னா கூட்டமே தப்பா இருக்கலாம், ஒரு காலத்துல திமிங்கலம் மீன்னு ஊர் உலகமே சொல்லுச்சு. தத்துவவாதி ஹிலாரி பட்னம் 1975ல காட்டின மாதிரி அர்த்தம் மண்டைக்குள்ள முடியறதில்ல, விஷயம் தெரிஞ்ச நிபுணர்கள்கிட்ட போகுது, அந்தப் பொருள் நிஜத்துல என்னவா இருக்கோ அதுகிட்டயும் போகுது. ஆள், ஆளைத் திருத்துற மத்தவங்க, அவங்களையே திருத்துற உலகம், இந்த மூணும் சுத்துற வளையத்துலதான் 'சொல்லணும்'ங்கிறது பிறக்குது. இதுல மிச்சமே இல்லையான்னா, ஒன்னு இருக்கு. ஒரு விதியை நாம ஏன் மதிக்கிறோம், மீறினா ஏன் உறுத்துது, பிள்ளைங்களை ஏன் திருத்துறோம்ங்கிறதை இந்த வளையம் விளக்கும். அந்த விதியை நான் மதிக்கலாமா வேணாமாங்கிறதை விளக்காது. அது விளக்கம் கேக்குற கேள்வியே இல்ல, நியாயம் கேக்குற கேள்வி. ஒரு நிரூபணம் ஏன் சரிங்கிறதுக்குக் கணித வாத்தியாரோட நியூரானைக் காட்டினா அது பதில் ஆகாது, அதுக்காக அவருக்கு நியூரானைத் தாண்டி ஏதோ ஓடுதுன்னும் ஆகாது. மூளை ஆய்வாளர் டேவிட் மார் 1982ல பிரிச்ச மாதிரி, என்ன கணக்கு நடக்குது, எந்த வழியில நடக்குது, எந்தப் பொருள்ல நடக்குதுங்கிறது மூணு வேற கேள்வி, கால்குலேட்டர் 125ன்னு காட்டுறதுக்கு சர்க்யூட் ஒரு காரணம், அந்த சர்க்யூட் கூட்டலுக்காகக் கட்டினதுங்கிறது இன்னொரு காரணம்.

மெஷினைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இப்ப எல்லாரும் அங்கதான் வந்து நிக்குறாங்க. ஜான் சியர்ல் 1980ல சீன மொழி தெரியாத ஆளை அறைக்குள்ள வச்சு, விதிப் புத்தகத்தைப் பார்த்து சீன எழுத்துக்கு சீன எழுத்துலயே பதில் கொடுக்க வச்சு, இதுல புரிதல் எங்கன்னு கேட்டார். இன்னைக்கு மொழி மாடல்கள் எழுத்தை மட்டும் படிச்சே பேசுது. நான் ரெண்டு கேள்வியாப் பிரிப்பேன். அது வெளியிடுற சொல்லுக்கு அர்த்தம் உண்டா? உண்டு, ஏன்னா அந்தச் சொற்கள் மனுஷங்க பயன்படுத்தின வரலாற்றுல இருந்து காரண காரியமா வந்ததுதான், காத்து மணல்ல தற்செயலா இழுத்த கோடு மாதிரி இல்ல. அந்த மெஷினுக்குன்னு சொந்தமா அர்த்தம் உண்டா? அதை அதோட பதிலை மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது, எது அதைத் திருத்துச்சு, எதுல தோத்தா அது மாறுச்சுன்னு பார்க்கணும். அடுத்த சொல்லைத் தப்பாக் கணிச்சதுக்காக மாறின ஒன்னும், கழுகைக் கவனிக்காததால செத்துப்போன ஒன்னோட சந்ததியும் ஒரே வரலாறு இல்ல.

மெக்கானிசத்துக்கு எதிரா எனக்குப் பலமா படுறது தத்துவ வாதம் இல்ல, வேலை செய்யுற வரிசையைப் பத்தினது. தத்துவவாதி கில்பர்ட் ரைல் கொடுத்து மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973ல பிரபலமாக்கின உதாரணம், ரெண்டு பையன்களுக்கும் கண்ணிமை ஒரே மாதிரி துடிக்குது, ஒருத்தனுக்கு அது தானா வந்த துடிப்பு, இன்னொருத்தன் கண்ணடிக்கிறான். எது எதுன்னு தெரியாம மெக்கானிசம் தேடப் போனா எதை விளக்கப் போறோம்னே தெரியாது. அதனால உள்ள இருந்து புரிஞ்சுக்கிற மானுடவியல்காரரோட வேலையை மெக்கானிசம் காலி பண்ணாது, அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிக்கவே முடியும். இதைக் கேக்காம வர்ற மெக்கானிசக்காரங்க கைக்குக் கிடைச்சதை எண்ணிட்டு கலாச்சாரத்தை அளந்துட்டோம்னு கிளம்பிடுறாங்க, அந்த அவசரத்துல எனக்கு உடன்பாடு இல்ல.

என் மனசு மாறணும்னா என்ன காட்டணும்னு கேட்டா, ஒரே மாதிரி கத்துக்கிற சாய்வு, ஒரே திருத்தும் பழக்கம், ஒரே வரலாறு, ஒரே உலகம், இது அத்தனையும் இருந்தும் ரெண்டு கூட்டத்துல சொல்லுக்கு வேற வேற அர்த்தம்னு காட்டணும். நான் பார்த்த வரைக்கும் நடக்குறது இதுக்கு நேர் எதிர். கெர்பி குழு 2015ல, பொருளுக்குப் பேர் வச்சுப் பேசிக்கிற எக்ஸ்பெரிமெண்டை ரெண்டு விதமா ஓட்டிப் பார்த்தாங்க. ஒரே ஜோடி புது ஆள் யாரும் வராம தங்களுக்குள்ளயே திரும்பத் திரும்பப் பேசினா, ஒவ்வொரு பொருளுக்கும் சம்பந்தமில்லாத தனித்தனிப் பேர் அப்படியே தங்கிடுச்சு. அதே பேச்சுக்குள்ள ஒவ்வொரு தலைமுறையும் புது ஜோடியைக் கொண்டு வந்து கத்துக்க விட்டப்ப, பகுதி பகுதியா பிரிக்கக்கூடிய இலக்கணம் வந்துடுச்சு. புதுசா கத்துக்கிறவங்க வர்றாங்களா இல்லையாங்கிற ஒரே திருகை மாத்தினா மொழியோட உள்ளமைப்பே மாறுது, எந்தப் பக்கம் மாறும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியுது. சொல்லுக்கு வெளிய இருக்குற நெறி, சடங்கு, சட்டம் மாதிரி விஷயங்கள்ல இதே அளவு கட்டுப்பாடான சங்கிலி எக்ஸ்பெரிமெண்ட்களை எப்படி அமைக்கிறதுங்கிறதுதான் அடுத்து செய்ய வேண்டிய வேலை, அங்க ஒரு தலைமுறைன்னா மணிக்கணக்குல முடியாது, திருத்துறவங்களுக்கு அதிகாரமும் இருக்கும், அதையும் மாடலுக்குள்ள கொண்டு வரணும்.